மறுக்கத் தெரிந்த வேர்

தக்காளித் தோட்டத்தில் உச்சிவெயில் நேரத்தில் சில செடிகள் மட்டும் துவண்டு நிற்கும். மண்ணைக் கிளறினால் ஈரம் இருக்கும். வெயில் தாழ்ந்ததும் இலைகள் நிமிர்ந்துகொள்ளும். மறுநாள் மறுபடியும் துவளும். தழைச்சத்துக் குறைவோ என்று யூரியா வைப்பார்கள், வாடல் நோயோ என்று மருந்து ஊற்றுவார்கள். எதற்கும் மசியாது. வயலில் திட்டுத் திட்டாகச் செடிகள் குன்றிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட செடி ஒன்றைப் பிடுங்கி, வேரை ஒரு வாளித் தண்ணீரில் அலசினால்தான் சங்கதி புரியும். சல்லிவேர்கள் மெல்லிழையாகப் பரவியிருக்க வேண்டிய இடத்தில், மிளகளவும் பட்டாணியளவுமாக முடிச்சுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வீங்கிக் கிடக்கும். முற்றிய முடிச்சு ஒன்றை ஊசிமுனையால் மெல்லப் பிளந்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், உள்ளே பால்வெள்ளையாக, பேரிக்காய் வடிவில், குண்டூசித் தலையைவிடச் சிறிதாக ஒன்று மின்னும். வேர்முடிச்சு நூற்புழுவின் பெண் அது. முட்டையிடுவதைத் தவிர அதற்கு இனி வேறு வேலை கிடையாது.

இந்த முடிச்சைக் கட்டியது யார்? புழு என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் முடிச்சில் உள்ள செல்கள் எல்லாம் செடியினுடையவை. செடியின் மரபணுக்கள்தாம் அதைக் கட்டின. இலை சமைத்த சர்க்கரைதான் அதற்குச் செலவானது. புழு உத்தரவு போட்டது, செடி வேலை செய்தது. இதை ஏதோ சொல் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. நூற்புழுவை நாம் இதுநாள்வரை மண்ணில் கிடக்கும் ஒரு பூச்சியாக எண்ணி, மண்ணுக்கு மருந்து வைத்தே வந்திருக்கிறோம். அந்தக் கணக்கில் பயிர் வெறும் இரை. கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகளோ, மண்ணில் எத்தனை புழு என்பது பாதிக் கணக்குதான் என்கின்றன. வேருக்குள் ஐந்தாறு செல்கள் புழுவின் உத்தரவுக்குப் பணிகின்றனவா, மறுக்கின்றனவா என்பதில் மீதி இருக்கிறது. மறுக்கத் தெரிந்த வேரே இந்த எதிரிக்கு எதிராக நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆயுதம் என்பது என் வாதம். அந்த ஆயுதம் தேயக்கூடியது, அதை நாம் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம் என்பதும் அதே வாதத்தின் பகுதிதான்.

நூற்புழு என்றாலே பயிரின் பகை என்று நினைத்துவிட வேண்டாம். உலகின் மேல்மண்ணில் வாழும் நூற்புழுக்கள் எத்தனை என்று 2019இல் ஓர் ஆய்வுக் குழு கணக்கிட்டது. 44 என்று எழுதி அதன் பின்னால் 19 சுழியங்களைப் போட வேண்டியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று, அவற்றுள் அடைபட்ட சத்துகளை மண்ணுக்குத் திருப்பித் தருபவை. சொல்லப்போனால் உழவரின் கூலியில்லா வேலையாட்கள். செடியைத் தாக்குபவையாக இதுவரை விவரிக்கப்பட்டவை சுமார் 4,100 இனங்கள். அவற்றிலும் பெருஞ்சேதம் செய்பவை ஓரிடத்தில் குடியமர்ந்து உண்ணும் இரண்டு கூட்டங்கள்: வேர்முடிச்சு நூற்புழுக்களும் முட்டைக்கூடு நூற்புழுக்களும். இந்தியப் பயிர்களில் நூற்புழுக்களால் ஆண்டுக்கு 21.3 விழுக்காடு விளைச்சல் போகிறது, பணமாகச் சொன்னால் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் என்பது அகில இந்திய ஒருங்கிணைந்த நூற்புழு ஆய்வுத் திட்டம் தரும் மதிப்பீடு. இப்படிப்பட்ட எண்களைக் கடைசிப் புள்ளி வரை நம்ப வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத எதிரியின் கணக்கு எப்போதும் உத்தேசம்தான். சேதம் பெரிது என்பதில் மட்டும் ஐயமில்லை.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு 0.4 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பருமன் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதன் வாய்க்குள் மருத்துவரின் ஊசியைப் போலத் துளையுள்ள ஒரு நுண்ணூசி உண்டு. வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால், தோல் முற்றாத இடமாகப் பார்த்து நுழைகிறது. செல்களைக் கிழிக்காமல் அவற்றின் இடுக்குகளில் புகுந்து, முதலில் நுனியை நோக்கிக் கீழே போகிறது. அங்கே திரும்பி, வேரின் நடுத்தண்டுக்குள் ஏறுகிறது. ஏன் இந்தச் சுற்றுவழி? நடுத்தண்டைச் சுற்றி மெழுகு பூசிய மதில் ஒன்று இருக்கிறது. நுனியில் மட்டும் அந்த மதில் இன்னும் எழும்பியிருக்காது. உள்ளே போனதும் ஐந்து முதல் ஏழு செல்களைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றிலும் ஊசியைப் பதித்துத் தன் சுரப்பியின் நீரைச் செலுத்துகிறது. அடுத்து நடப்பதுதான் விந்தை. அந்தச் செல்களின் உட்கரு பிளக்கிறது. ஆனால் நடுவே சுவர் எழும்புவதில்லை. மறுபடியும் பிளக்கிறது. ஒரே செல்லுக்குள் உட்கருக்கள் நூறு வரைகூடப் பெருகுகின்றன. செல் பல நூறு மடங்கு பருக்கிறது. தண்ணீர்க் குழாயை ஒட்டிய பக்கத்தில் அதன் சுவர் உள்நோக்கி மடிந்து மடிந்து, உறிஞ்சும் பரப்பைப் பெருக்கிக்கொள்கிறது. இவற்றுக்கு இராட்சத செல்கள் என்று பெயர். சுற்றியுள்ள சாதாரண செல்களும் சேர்ந்து பெருகுவதால் வெளியே முடிச்சாகத் தெரிகிறது. முட்டைக்கூடு நூற்புழுவின் முறை சற்று வேறு: அது பக்கத்துச் செல்களின் சுவர்களைக் கரைத்து, இருநூறு செல்களைக்கூட ஒரே கூடமாக இணைத்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உணவறை தயாரானதும் புழுவின் நடைத்தசைகள் கரைந்துவிடுகின்றன. இனி அதனால் நகர முடியாது. அந்த ஐந்தாறு செல்கள் உயிரோடு இருக்கும்வரை அதற்குச் சோறு. அவை செத்தால் அதுவும் சாகும். கம்பளிப்பூச்சிக்கு இந்த இலை போனால் அடுத்த இலை. நூற்புழுவுக்கு மறுவாய்ப்பு இல்லை. இந்த எதிரியின் முழுப் பலமும் முழுப் பலவீனமும் அந்தச் சில செல்களில் இருக்கின்றன.

உத்தரவு என்று சொன்னதை வெறும் உவமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1998இல், முட்டைக்கூடு நூற்புழுக்கள் செல்லுலோசைச் சிதைக்கும் நொதியைத் தாமே தயாரிக்கின்றன என்று கண்டறியப்பட்டது. விலங்குகள் செல்லுலோசைச் செரிக்க வேண்டுமானால் வயிற்றில் நுண்ணுயிரிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதுவரை பொது நம்பிக்கை. அந்த மரபணுவின் சாயலோ பாக்டீரியாவினுடையது. எப்போதோ ஒரு காலத்தில் நூற்புழுவின் முன்னோர் அதைப் பாக்டீரியாவிடமிருந்து கைப்பற்றியிருக்க வேண்டும். 2008இல் மெலாய்டோகைன் இன்காக்னிட்டா என்ற வேர்முடிச்சு நூற்புழுவின் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்டபோது, செடியின் சுவரைக் கரைக்கும் இத்தகைய கருவிகள் வரிசையாகக் கிடைத்தன. சுவரை உடைப்பது கன்னக்கோல் வேலை. அதைவிட நுட்பமான சங்கதி ஒன்று உண்டு. செடிகள் தம் வளர்முனைகளில் எந்தச் செல் எப்போது என்னவாக மாற வேண்டும் என்பதைச் சிறு புரதத் துண்டுகளால் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. முட்டைக்கூடு நூற்புழு அதே புரதத் துண்டின் போலியைச் சுரக்கிறது. முதலாளியின் கையெழுத்தைப் போட்டு ஓலை அனுப்பினால் கணக்குப்பிள்ளை பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார் அல்லவா, அந்த மாதிரி. கருவூலம் உடைக்கப்படவில்லை, உள்ளிருந்தே திறந்துவிடப்பட்டது.

அப்படியென்றால் நேராகப் புழுவையே கொன்றுவிட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. வேளாண்மை இரண்டு தலைமுறையாக அதைத்தான் செய்து பார்த்தது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இன்காக்னிட்டாவுக்கு ஆண் துணை தேவையில்லை. பெண் தானாகவே பெண்களைப் பெறும். ஒன்று முந்நூறு முட்டை இடுவதாகவும், அவற்றில் நூற்றுக்கு ஐந்தே பிழைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறையில் பதினைந்து. நம் வெப்பத்தில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். நான்கு மாதத் தக்காளியில் மூன்று தலைமுறை என்றால், ஒன்று மூவாயிரத்துச் சொச்சமாகிறது. இப்போது நட்ட அன்றே மருந்து வைத்து நூறில் தொண்ணூறைக் கொன்றுவிட்டதாகக் கொள்ளுங்கள். மிஞ்சிய பத்து, முதல் மாதத்திலேயே நூற்றைம்பது ஆகிவிடும். தொண்ணூறு விழுக்காடு வெற்றி என்று விளம்பரம் செய்யக்கூடிய மருந்து வாங்கித் தந்தது ஒரே மாத அவகாசம்தான். இளம்பயிருக்கு அந்த ஒரு மாதம் பெரிது என்பதை மறுக்கவில்லை. நாற்றங்காலில் அது பயிரைக் காப்பாற்றவும் செய்யும். ஆனால் நிலத்தைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று எண்ணுவது மாயை. முட்டைகள் கோழைபோன்ற பசைக்குள் பத்திரமாக இருக்கின்றன, பெண்கள் வேருக்குள் இருக்கின்றன, மிச்சம் மருந்து எட்டாத ஆழத்தில் இருக்கின்றன.

அந்த ஒரு மாத அவகாசத்துக்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல. டிபிசிபி என்ற புகை மருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்கத் தோட்டங்களிலும் மத்திய அமெரிக்க வாழைப் பண்ணைகளிலும் ஓடியது. அதைத் தயாரித்த கலிஃபோர்னிய ஆலை ஒன்றின் ஆண் தொழிலாளர்கள் தங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லையே என்று ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளப் போய், 1977இல் அது மலட்டுத்தன்மை உண்டாக்குவது வெளிப்பட்டது. மெத்தில் புரோமைடு என்ற இன்னொரு புகை மருந்து ஓசோன் படலத்தை அரிப்பதால், மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 2005க்குள்ளும் வளரும் நாடுகள் 2015க்குள்ளும் வயலில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. இவை இரண்டும் நூற்புழுவை மட்டும் கொன்றவையும் அல்ல. முன்பே சொன்ன கூலியில்லா வேலையாட்களும் சேர்ந்தே மாண்டார்கள்.

மறுக்கும் வேர் இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதற்குத் தக்காளியே சாட்சி. தென்னமெரிக்காவின் பெருவில் வளரும் காட்டுத் தக்காளி ஒன்றின் வேரில் முடிச்சு விழுவதில்லை. 1940களில் அதை நாட்டுத் தக்காளியோடு கலக்க முயன்றார்கள். இரண்டும் ஒட்டாத உறவு. கலப்பில் உண்டான விதை முளைக்காது. கருவை மட்டும் விதையிலிருந்து தனியே எடுத்து, சத்துக் கூழில் வைத்து வளர்த்துத் தேற்றினார்கள். அதில் வந்த எதிர்ப்பு மரபணுவுக்கு எம்ஐ என்று பெயர். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வலேரி வில்லியம்சன் குழுவினர் 1998இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது என்ன செய்கிறது? புழு உள்ளே வருவதைத் தடுப்பதில்லை. வழக்கம்போல் நுழைகிறது, நடுத்தண்டை அடைகிறது, ஊசியைப் பதிக்கிறது. அந்தக் கணம் வரை இரண்டு தக்காளிக்கும் வேறுபாடில்லை. பிறகு எம்ஐ உள்ள செடியில், புழு தொட்ட செல்கள் ஒரு நாளுக்குள் தற்கொலை செய்துகொள்கின்றன. உணவறை எழும்ப வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு பிணக்குவியல். புழு பட்டினி கிடக்கிறது. வெளியேறுகிறது அல்லது சாகிறது. செடி இழந்தது சில செல்கள். விஷம் எதுவும் மண்ணில் கலக்கவில்லை. பாக்டீரியாவைத் தின்னும் அப்பாவி நூற்புழுவுக்கு ஒரு கீறலும் இல்லை. இதே மரபணு அசுவினியில் ஒருவகையையும் விரட்டுகிறது என்பது எதிர்பாராமல் கிடைத்த லாபம்.

இத்தனை அழகான ஏற்பாட்டுக்கு மூன்று ஓட்டைகள் உண்டு. மண்ணின் வெப்பம் 28 பாகை செல்சியசைத் தாண்டினால் எம்ஐ வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. ஐரோப்பியக் கண்ணாடி வீட்டுக்கு இது பெரிய குறையில்லை. தமிழகச் சமவெளியில் கோடைத் தக்காளி பயிரிடுபவருக்கு இதுவே முதல் கேள்வி. இரண்டாவது ஓட்டை வரலாற்றில் இருக்கிறது. உலகம் முழுதும் விற்கும் எம்ஐ தக்காளி வகைகள் எல்லாம் கருமீட்பில் பிழைத்த ஒரே ஒரு செடியின் வாரிசுகள். ஒரே பூட்டை ஊரெங்கும் மாட்டினால் ஒரு கள்ளச்சாவி போதும். தொடர்ந்து எம்ஐ வகையே பயிரிட்ட நிலங்களில் அதை மீறும் இன்காக்னிட்டா கூட்டங்கள் தலையெடுத்திருக்கின்றன. மூன்றாவது, அந்தப் பூட்டை ஒரு பொருட்டாகவே மதிக்காத இனங்கள் உண்டு. மெலாய்டோகைன் என்டரோலோபி அவற்றில் முக்கியமானது. 1983இல் சீனத்தின் ஹைனான் தீவில் ஒரு மரத்தின் வேரிலிருந்து விவரிக்கப்பட்ட அது, 2016இல் திண்டுக்கல் மாவட்டம் ஆயக்குடியில் கொய்யா மரங்களில் பதிவாயிற்று. பழனி போகிறவர்கள் வழியில் வாங்கித் தின்னும் அதே ஆயக்குடிக் கொய்யா. கொய்யாவில் அது வாடல் பூஞ்சையோடு கைகோத்து மரத்தையே காயவைக்கிறது. கால் இல்லாத இந்தப் புழு ஊர் விட்டு ஊர் போக வேண்டியதில்லை. நாற்றுப்பண்ணையில் பாலித்தீன் பையிலுள்ள மண்ணில் உட்கார்ந்துகொண்டால் போதும், வேனில் ஏற்றிப் பணம் கொடுத்து நாமே கொண்டுபோய் நட்டுவிடுகிறோம்.

நூற்புழு விஷயத்தில் தமிழகத்துக்கு நெடிய வரலாறு இருக்கிறது. இந்தியாவில் வேர்முடிச்சு நூற்புழு முதன்முதலில் 1901இல் நீலகிரியின் தேவாலாவில் தேயிலைச் செடிகளில் பதிவானது. பதிவு செய்தவர் சி.ஏ. பார்பர், பின்னாளில் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தைத் தொடங்கி நடத்தியவர் அவரே. அறுபது ஆண்டு கழித்து, 1961இல், இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் உதகமண்டலத்து உருளைக்கிழங்கு வயலில் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டார். இதன் பெண் சாகும்போது அதன் தோலே தடித்துப் பழுப்பேறி, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பொத்திவைக்கும் பையாகிவிடும். கடுகைவிடச் சிறிய அந்தப் பைகள் உருளைக்கிழங்கே இல்லாத மண்ணில் இருபது ஆண்டுக்கு மேலும் கிடக்க வல்லவை. அவற்றை எழுப்புவது மழையோ வெயிலோ அல்ல, உருளைக்கிழங்கு வேரின் கசிவில் உள்ள சொலனோஎக்லெபின் போன்ற வேதிப்பொருள்கள். வேரின் வாசம் வந்தால்தான் முட்டை பொரியும். தமிழக அரசு 1971இல் நீலகிரி விதைக்கிழங்கு வெளிமாநிலங்களுக்குப் போகத் தடை விதித்தது. அப்படியும் 2018இல் இமாச்சலம், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் மலைகளின் விதைக்கிழங்கு மீதும் மத்திய அரசு தடை போட நேர்ந்தது.

உருளைக்கிழங்கிலும் மறுக்கும் மரபணு உண்டு. 1950களின் தொடக்கத்தில், ஆண்டிஸ் மலை உருளைக்கிழங்குத் தொகுப்பைச் சலித்துப் பார்த்த எலன்பி என்ற ஆங்கில ஆய்வாளருக்கு அது தட்டுப்பட்டது. எச்1 என்று பெயரிட்டார்கள். இங்கே மறுப்பின் வடிவம் வேறு. புழு தன் கூடத்தைக் கட்டத் தொடங்குகிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள செல்கள் இறந்து, சோறு வரும் வழியை அடைத்துவிடுகின்றன. அரைப்பட்டினியில் வளரும் இளம்புழு பெண்ணாவதில்லை, ஆணாகிறது. இந்தக் கூட்டத்தில் பாலினத்தைத் தீர்மானிப்பது கிடைக்கும் சாப்பாடு. முட்டை நிரப்பப் பெரும் தீனி வேண்டும்; ஆணுக்குச் சொற்பம் போதும். ஆக எச்1 உள்ள வயலில் நிறைய ஆண்களும் அபூர்வமாகப் பெண்களும் உண்டாகி, குடும்பம் நொடித்துப்போகிறது. மண்ணில் ஒரு சொட்டு மருந்து விழாமல், புழுவின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு சரியும். மண்ணில் எத்தனை புழு என்ற கேள்விக்கு உண்மையான விடையை எழுதுவது வேர்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வெற்றிக்கு அடுத்து வந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிரிட்டன் 1966இல் எச்1 கொண்ட மாரிஸ் பைப்பர் வகையை வெளியிட்டது. அது நாட்டின் செல்லக் கிழங்காயிற்று. எச்1 அடக்கியது பொன்னிற முட்டைக்கூடு இனத்தை. அதே மண்ணில் வெண்ணிற முட்டைக்கூடு இனம் ஒன்றும் சிறுபான்மையாக இருந்தது. எச்1க்கு அது பணியாது. போட்டியாளர் ஒழிந்ததும் அது பல்கிப் பெருகி, இன்று இங்கிலாந்து வயல்களின் பிரதான எதிரி அதுவே. அமெரிக்க சோயாவிலும் அதே கதை. அங்கே எதிர்ப்பு வகைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல், பிஐ 88788 என்ற ஒரே மூலச் செடியின் எதிர்ப்பை வைத்தே உருவாக்கப்பட்டவை. அந்தச் செடியில் ஒரு சிறு மரபணுத் துண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் படிகளாக அடுக்கப்பட்டிருப்பதே எதிர்ப்பின் ரகசியம் என்று 2012இல் கண்டறிந்தார்கள். ரகசியம் தெரிவதற்குள் பல மாநிலங்களில் புழு அதைப் பழகிக்கொண்டுவிட்டது. நீலகிரியில் முட்டைக்கூடு இனங்கள் இரண்டும் சேர்ந்தே இருப்பதால், எச்1 மட்டும் போதாது என்பது இங்கே தொடக்கத்திலேயே தெரிந்தது. உதகை முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆய்வு நிலையம் தந்த குஃப்ரி சுவர்ணா, இரண்டையும் மறுக்கும் வகை. ஒரு பூட்டுக்கு இரண்டு பூட்டு. அந்த அளவில் நாம் பிரிட்டனின் பிழையைத் திருப்பிச் செய்யவில்லை.

இவ்வளவு எதற்கு, மண்ணை வளமாக வைத்தால் புழு தானே அடங்கும் என்று இயற்கை வேளாண் அன்பர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. வேப்பம் புண்ணாக்கு, தொழுவுரம், முட்டைகளைத் தின்னும் பூஞ்சைகள் எல்லாம் புழுவைக் குறைக்கவே செய்கின்றன, ஆய்வுகளில் ஐயமில்லை. ஆனால் இதில் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. தாங்குவது வேறு, மறுப்பது வேறு. நன்றாக ஊட்டம் பெற்ற செடி, வேரில் முடிச்சுகளைச் சுமந்துகொண்டே நல்ல மகசூலும் தந்துவிடும். உழவர் மகிழ்ச்சியாக அறுவடை செய்வார். புழுவுக்கு அதைவிட மகிழ்ச்சி: கொழுத்த வீடு, கொழுத்த முட்டை. அந்த நிலத்தில் அடுத்து வரும் கத்தரியோ வெண்டையோதான் பாக்கியைக் கட்ட வேண்டும். மேலே பசுமையாக இருப்பதை வைத்துக் கீழே புழு இல்லை என்று முடிவு கட்டுவது, கடனில் நடக்கும் கல்யாணத்தைப் பார்த்து வீட்டுக்காரரின் வசதியை அளப்பது போன்றது. மண்வளம் தாங்கும் சக்தியைத் தரும். எண்ணிக்கையை ஒடுக்க, கட்ட மறுக்கும் ஒரு வேர் அதே நிலத்தில் இடையிடையே நின்றாக வேண்டும்.

நம் ஊரில் அப்படிப்பட்ட வேர்கள் இல்லாமலில்லை. செண்டுமல்லியின் வேருக்குள் புழு நுழையும், ஆனால் தேறாது; வேரிலுள்ள கந்தகச் சேர்மம் ஒன்று அதற்கு நஞ்சு. தக்காளிக்கு முன்போ ஊடாகவோ செண்டுமல்லி வைப்பவர் பூவை மட்டும் விற்கவில்லை, நிலத்தையும் சலிக்கிறார். வற்றல் குழம்புக்கு நாம் பறிக்கும் சுண்டை இன்னொரு அற்புதம். அதன் வேர் இன்காக்னிட்டாவுக்கு எளிதில் இடம் கொடாது. சுண்டை வேர்ச்செடியின்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டினால் மேலே கத்தரிக்காய், கீழே மறுக்கும் வேர். இனக்கலப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்காமல் ஒரே பருவத்தில் எதிர்ப்பைக் கடன் வாங்கும் வழி இது. நெதர்லாந்தில் உருளைக்கிழங்கு வயல்களில் முள்ளடர்ந்த ஒரு கத்தரிக் குடும்பச் செடியைப் பொறிப்பயிராக விதைக்கிறார்கள். அதன் வேர்க்கசிவு முட்டைகளை எழுப்பிவிடும். எழுந்து வந்த புழுவுக்குக் கூடம் கட்டித் தராது. விருந்துக்கு அழைத்து இலை போடாமல் விடுவது! ஓய்வில் கிடக்கும் முட்டைப் பையை உடைக்க அதைவிடக் கெட்டிக்கார வழி இல்லை.

மரபணுத் தொழில்நுட்பம் இதையெல்லாம் பழங்கதை ஆக்கிவிடாதா என்று கேட்கலாம். ஆகக்கூடும், ஆனாலும் வாதம் மாறாது. 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள், புழு சுரக்கும் ஓர் உத்தரவுப் புரதத்தின் மரபணுவை மௌனமாக்கும் ஆர்.என்.ஏ.வைச் செடியே தயாரிக்கும்படி செய்தார்கள். அந்தச் செடியைத் தின்ற நான்கு வகை வேர்முடிச்சு நூற்புழுக்களும் தடுமாறின. சோதித்தது அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகக் களையில். வயலுக்கு வரும் வழி நீளமானது. நூற்புழுக்கள் தமக்குள் பேசிக்கொள்ளச் சுரக்கும் அஸ்கரோசைடு என்ற மூலக்கூறை செடிகள் மோப்பம் பிடித்து முன்னெச்சரிக்கையாகத் தற்காப்பைக் கூட்டுகின்றன என்று 2015இல் தெரியவந்தது. 2020இல் இன்னொரு படி: வேர் அந்த மூலக்கூறை உறிஞ்சி, லேசாகத் திருத்தி வெளியே விடுகிறது, திருத்திய வடிவத்தை முகர்ந்த புழுக்கள், இங்கே ஏற்கெனவே கூட்டம் என்பதுபோல் விலகிப்போகின்றன. போலிக் கையெழுத்துப் போடுவது புழு மட்டும் இல்லை போலிருக்கிறது. இந்த வழிகளில் எது வயலுக்கு வந்தாலும், ஒரே மரபணுவை ஒரே மாதிரி எல்லா நிலத்திலும் நட்டால் எச்1க்கும் பிஐ 88788க்கும் நேர்ந்ததுதான் அதற்கும் நேரும்.

ஆகவே மறுப்பைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். தக்காளி விதைப் பொட்டலத்தில் பெயருக்குப் பின்னால் வி, எஃப், என் என்று எழுத்துகள் இருக்கும். என் என்றால் நூற்புழுவை மறுக்கும் வகை. எந்த இனத்தை, எத்தனை பாகை வெப்பம் வரை என்பதை அந்த ஒற்றை எழுத்து சொல்வதில்லை. சொல்லும்படி விதைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். எதிர்ப்பு வகையை அதே நிலத்தில் தொடர்ந்து மூன்று பருவம் போடுவதைவிட, இடையே செண்டுமல்லியோ நெல்லோ வந்து போவது அந்த மரபணுவின் ஆயுளைக் கூட்டும். நாற்றுப்பண்ணைகளுக்கு உரிமம் தரும்போது இலையின் பசுமையைப் பார்ப்பதோடு வேரையும் மண்ணையும் சோதித்தாக வேண்டும். ஆயக்குடிக்கு வந்த புழு ஆயக்குடியோடு நிற்க வேண்டுமானால் வேறு வழியில்லை.

விவசாயிகள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அறுவடை முடிந்ததும் வயலின் வெவ்வேறு மூலையிலிருந்து பத்துச் செடிகளையாவது கையால் இழுத்து அறுக்காமல், மண்வெட்டி போட்டு வேரோடு எடுத்து, தண்ணீரில் அலசிப் பாருங்கள். பயறு, உளுந்து, நிலக்கடலையில் வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்து விரலால் தேய்த்தால் உதிரும் உருண்டைகள் தழைச்சத்தைச் சேர்க்கும் நல்ல முடிச்சுகள். அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். வேரே வீங்கி, தேய்த்தாலும் பிரியாமல் இருந்தால் அது நூற்புழு. அந்த வேர்களை உழுது மடக்காதீர்கள், எருக்குழியிலும் போடாதீர்கள். வெயிலில் காயவைத்துக் கொளுத்திவிடுங்கள். அடுத்த பருவத்துக்கு நாற்று வாங்கப் போகும்போது, பண்ணைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஒரு நாற்றின் வேரை அங்கேயே கழுவிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.